ஏரிக்கரையில் டென்ட் தகராறு செய்தால்

மே மாத லாங் வீக்கெண்டில் தொடங்கி செப்டம்பர் முதல் வாரம் வரை, கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்து ரெஜினா நகரிலிருந்து நாங்கள் நாலைந்து குடும்பங்கள் ஏதாவதொரு ஏரிக்கரையில் டென்ட் அடிப்பது வழக்கம். லாஸ்ட் மவுண்டன் ஏரி, டீஃபன்பேக்கர் ஏரி, எக்கோ வேலி, சில வருடங்களில் மனிடோபா வரை போய் கிராண்ட் பீச். யாருடைய டென்டில் எது கெட்டாலும் என்னைக் கூப்பிடுவது ஒரு பழக்கமாகிவிட்டது. எனக்கு இதில் படிப்பு எதுவும் கிடையாது. கையில் ஒரு கனமான சுத்தியல் இருக்கிறது, அவ்வளவுதான்.

கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் "டென்ட் சரியில்லை, வேறு வாங்கணும்" என்றே ஆரம்பிப்பார்கள். போய்ப் பார்த்தால் முளை சரியில்லை, அல்லது கயிறு பையை விட்டே வெளியே வந்திருக்காது. பிரெய்ரி என்கிற இந்தப் புல்வெளிச் சமநிலத்து ஏரிகளில் காற்றைத் தடுக்க மலையும் இல்லை, காடும் இல்லை. தண்ணீரின் மேல் கிலோமீட்டர் கணக்கில் ஓடிவரும் காற்று முதலில் முட்டுவது உங்கள் டென்டில்தான். அதுவும் இங்கே கேம்பிங் உச்சத்தில் இருக்கும் ஜூலை, ஆகஸ்டுதான் நம் ஆடி மாதம். அம்மியையே பறக்கவிடும் மாதத்தில் நைலான் துணி எம்மாத்திரம்?

உங்களுக்கு எது தொல்லையோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசில்லாத வைத்தியம் முதலில், செலவுள்ளது கடைசியில்.

## டென்ட் சாய்கிறது, படபடக்கிறது, பறக்கப் பார்க்கிறது

### முளை பிடுங்கிக்கொண்டு வருகிறது

கயிற்றைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். வாழைப்பழத்தில் ஏற்றிய ஊசிபோல முளை வழுக்கிக்கொண்டு வந்தால் டென்டுக்கு எந்தக் குறையும் இல்லை. மண்ணுக்கும் முளைக்கும் பொருத்தம் இல்லை. காலால் மண்ணைக் கிளறி என்ன மண் என்று பாருங்கள்.

மணல் என்றால் (கிராண்ட் பீச், டீஃபன்பேக்கர் ஏரியின் டக்ளஸ் பார்க் பக்கம்): டென்டோடு வந்த கம்பி முளைகளை எடுத்துப் பையில் போட்டுவிடுங்கள். மளிகைப் பையில் மணலை நிரப்பி, வாயைக் கட்டி, அதில் கயிற்றை முடிந்து, ஒரு முழ ஆழத்தில் புதைத்து மேலே மிதியுங்கள். பை இல்லையா? மணிக்கட்டுப் பருமனுள்ள ஒரு விறகுக் கட்டையின் நடுவில் கயிற்றைக் கட்டி, கட்டையைப் படுக்கைவாக்கில் புதைத்தாலும் போதும். காற்று எவ்வளவு இழுத்தாலும் மேலே கிடக்கும் மணல் முழுவதையும் தூக்கியாக வேண்டும். கிளம்பும்போது பைகளைத் தோண்டி எடுக்க மறக்காதீர்கள்.

காய்ந்த களிமண் அல்லது சரளை என்றால்: கம்பி முளை இறங்காது, வளையும். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் 10 அங்குல இரும்பு ஆணிதான் மருந்து. தலை சிறியது என்பதால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரிய வாஷர் போட்டுக்கொள்ளுங்கள், கயிறு நழுவாது. களிமண்ணாக இருந்தால் அடிக்கும் இடத்தில் ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டு அடித்தால் கைக்கு வலி குறையும். ஆணியின் தலை டென்டை விட்டு வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். மாட்டுக்கு முளை அடித்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு எச்சரிக்கை: கரண்ட் கம்பத்துக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் பக்கத்தில் இவ்வளவு நீள ஆணியை இறக்காதீர்கள். அடியில் என்ன போகிறது என்று நமக்குத் தெரியாது.

மழை பெய்த களிமண் என்றால்: மத்தியானம் கல்லாக இருந்தது ராத்திரி களியாகிவிடும். மதியம் கெட்டியாக நின்ற ஆணி மாலையில் கையோடு வரும். முக்கியமான நாலு கயிறுகளுக்கும் இரண்டிரண்டு ஆணிகளை ஒன்றுக்கொன்று குறுக்காக அடியுங்கள். தூங்கப் போகும் முன் டென்டை ஒரு சுற்றுச் சுற்றி, ஒவ்வொன்றையும் காலால் அழுத்திப் பாருங்கள்.

ஒரே ஒரு முளை மட்டும் திரும்பத் திரும்ப வந்தால்: அடியில் கோபர் வளை இருக்கலாம். இந்த ஊர் தரையணில் புல்வெளி முழுக்கச் சுரங்கம் தோண்டி வைத்திருக்கும். ஓரடி தள்ளி அடியுங்கள்.

### முளை நிற்கிறது, ஆனாலும் டென்ட் சாய்கிறது

இப்போது இழுப்புக் கயிறுகளைப் பாருங்கள். கடையில் வாங்கியபோது சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டிருந்தார்களே, அது இன்னும் அப்படியே இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. மூலைகளில் அடிக்கும் முளை டென்டைத் தரையோடு பிடிக்கும், அவ்வளவுதான். நிமிர்த்திப் பிடிப்பது பாதி உயரத்தில் கட்டும் கயிறு. காற்று வரும் பக்கத்து இரண்டு கயிறுகளை முதலில் கட்டுங்கள்.

அடுத்து, டென்ட் எந்தப் பக்கம் பார்க்கிறது? பெரிய புயல்காற்று இங்கே அதிகமும் மேற்கு, வடமேற்கிலிருந்துதான் வரும். குறுகலான, தாழ்ந்த முனை அந்தப் பக்கம் இருக்க வேண்டும். ஏரி தெரிய வேண்டும் என்று அகலமான கதவுப் பக்கத்தைத் தண்ணீருக்குத் திருப்பி வைப்பதுதான் எல்லோரும் செய்வது. நானும் செய்திருக்கிறேன். காலை காபிக்கு அழகாக இருக்கும், ராத்திரி பாய்மரம்.

நைலான் துணி ஈரமானால் தொய்யும். மாலையில் விறைப்பாகக் கட்டியது பனியில் தொங்கிப் போய்ப் படபடக்கும். படுக்கும் முன் ஒரு முறை இழுத்துக் கட்டுங்கள். பாதிப் படபடப்பு அதோடு நின்றுவிடும்.

இதெல்லாம் செய்தும் போதவில்லை என்றால் வண்டியைக் காற்று வரும் பக்கம் கொண்டுவந்து குறுக்கே நிறுத்துங்கள். கயிற்றை மட்டும் வண்டியில் கட்டாதீர்கள். எங்கள் கூட்டத்தில் ஒருவர் பம்பரில் கட்டிவிட்டு, காலையில் பால் வாங்கக் கிளம்பி, டென்டின் மேல்துணியையும் சாலை வரைக்கும் கூட்டிக்கொண்டு போனார்.

பாப்ளர் மரத்தடியில் ஒதுங்கலாமா? ஒதுங்கலாம், மேலே அண்ணாந்து பார்த்துவிட்டு. பட்டையில்லாமல் வெளுத்துக் காய்ந்த கிளை தெரிந்தால் அந்த மரம் வேண்டாம்.

### டென்டைத் தாங்கும் கம்பி உடைந்துவிட்டது

டென்ட் பையின் அடியைத் துழாவுங்கள். ஒரு சாண் நீளத்தில் சின்னக் குழாய் ஒன்று கிடக்கலாம். அது என்னவென்று தெரியாமல் பலர் தூக்கிப் போட்டுவிடுவார்கள். உடைந்த இடத்தின் மேல் அதை நகர்த்தி, இரண்டு முனையிலும் டேப் சுற்றினால் அந்தப் பயணத்துக்குத் தாங்கும். குழாய் இல்லையென்றால் ஒரு முளையை உடைந்த இடத்தோடு ஒட்டவைத்து இறுக்கமாக டேப் சுற்றுங்கள், எலும்பு முறிவுக்குச் சிம்பு வைப்பதுபோல.

ஃபைபர் கம்பி உடைந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத சிலாம்புகள் விரலில் ஏறி இரண்டு நாள் குடைச்சல் கொடுக்கும். முதலில் டேப், பிறகு கை. ஊருக்குத் திரும்பியதும் அந்த ஒரு துண்டை மட்டும் மாற்றலாம். விட்டமும் நீளமும் அளந்துகொண்டு போனால் கடையில் கிடைக்கும். இரண்டு கம்பிகளில் மூன்று இடம் போயிருந்தால் கம்பித் தொகுப்பையே மாற்றுவது மேல்.

### எப்போது கைவிட வேண்டும்

கனடாவின் வானிலைத் துறை கடும் இடிமழை எச்சரிக்கை கொடுக்கிறது என்றால் மணிக்கு 90 கிலோமீட்டர் காற்றோ, 2 சென்டிமீட்டர் ஆலங்கட்டியோ, ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழையோ எதிர்பார்க்கிறார்கள் என்று அர்த்தம். இதில் எதற்கும் முளை அடிக்கிற வேலை உதவாது. என் கணக்கு இன்னும் தாழ்வு. வீசும் காற்று 60-ஐத் தாண்டும் என்றாலே ஆள் நிற்கும் உயரமுள்ள கேபின் டென்டின் கம்பிகளைக் கழற்றி, துணியைத் தரையோடு படுக்கவைத்து, மேலே தண்ணீர்க் கேன்களை வைத்துவிடுவேன். பத்து நிமிட வேலை. எங்களுடைய முதல் கேபின் டென்ட் லாஸ்ட் மவுண்டன் ஏரிக்கரையில் உருண்டுபோய், பக்கத்து இடத்துக்காரரின் நெருப்பு வளையத்தில் சாய்ந்து நின்ற நாளிலிருந்து இந்தப் பழக்கம். நல்லவேளை, அவர் நெருப்பு மூட்டியிருக்கவில்லை. டென்டுக்குள்ளே இருந்த சாம்பார்ப் பாத்திரம் மட்டும் மூடி கழலாமல் நிமிர்ந்து நின்றது.

இடிச் சத்தம் கேட்டால் டென்டில் யாரும் இருக்கக்கூடாது. வண்டிக்குள் போங்கள், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்து வாருங்கள். டொர்னேடோ எச்சரிக்கை என்றால் வண்டியும் போதாது. குளியலறைக் கட்டடம் மாதிரி கெட்டியான கட்டடத்துக்கு ஓடுங்கள். யாராவது மரத்தடியில் மாட்டிக்கொண்டாலோ அடிபட்டாலோ அவசர உதவி எண் 911. சாய்ந்து நிற்கும் மரத்தை நீங்கள் இழுக்க வேண்டாம், பார்க் ஆட்களிடம் சொல்லுங்கள்.

## காலையில் எழுந்தால் உள்ளே ஈரம்

முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி: இது மழையா, உங்கள் மூச்சா?

மேல்துணியின் உட்பக்கம் கையை வைத்துப் பாருங்கள். முழுக்கச் சின்னச் சின்ன முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தால், ராத்திரி மழையும் இல்லையென்றால், அது நீங்கள் விட்ட மூச்சு. நாலு பேர் தூங்கும் டென்டில், ஏரியிலிருந்து வரும் ஈரக் காற்றும் சேர்ந்தால், விடியற்காலைக் குளிரில் இது தப்பாது. மேலே இருக்கும் காற்றுவழிகளைத் திறந்து வையுங்கள். குளிருகிறது என்று அதைத்தான் எல்லோரும் முதலில் மூடுகிறார்கள். ஈரத் துண்டையும் நீச்சல் உடையையும் உள்ளே கொடி கட்டிக் காயப்போடாதீர்கள். அடுத்த முறை கரைக்கு ரொம்பக் கீழே, பள்ளத்தில் இடம் பிடிக்காமல் சற்று மேட்டில் பிடியுங்கள்.

தரை மட்டும் நனைந்திருந்தால் வெளியே போய்க் குனிந்து பாருங்கள். டென்டுக்கு அடியில் விரித்த தார்ப்பாய் ஓரத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா? மேல்துணியில் வழிகிற மழை முழுவதையும் அது ஏந்தி, அப்படியே டென்டுக்கு அடியில் கொண்டுபோய் விடும். நான் பார்த்த தரை ஈரத்தில் பெரும்பங்கு இந்த ஒன்றுதான். நாலு பக்கமும் உள்ளே மடித்துவிடுங்கள், தீர்ந்தது. வெள்ளம் வராமல் சுற்றிலும் வாய்க்கால் வெட்டுகிறேன் என்று மண்வெட்டியை எடுக்காதீர்கள்; பார்க்கில் தரையைத் தோண்டக்கூடாது.

ஒரு பக்கச் சுவர் மட்டும் நனைந்திருந்தால் அங்கே மேல்துணி உள்துணியைத் தொடுகிறது. நடுக்கயிற்றை இழுத்துக் கட்டி இடைவெளி உண்டாக்குங்கள். பையும் தலையணையும் சுவரை முட்டாமல் இருக்கட்டும்.

தையலோரம் கோடாக நனைந்திருந்தால் அது நிஜமான ஒழுகல். அப்போதைக்கு மேலே ஒரு தார்ப்பாயைச் சரிவாகக் கட்டிச் சமாளியுங்கள். வீட்டுக்கு வந்து, ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார, இன்னொருவர் வெளியே தோட்டக் குழாயால் மெதுவாக ஊற்றினால் எந்தத் தையல் என்று தெரிந்துவிடும். தையல் அடைக்கும் பசை வாங்கும் முன் துணி என்னவென்று பாருங்கள். சிலிகான் பூசிய துணியில் சிலிகான் பசைதான் ஒட்டும்; மற்றதில் யூரித்தேன் பசை. மாற்றிப் போட்டால் உரிந்து வந்துவிடும்.

துணியே பிசுபிசுவென்று ஒட்டி, செதில் செதிலாக உரிந்தால் உள்பூச்சு போய்விட்டது. அதற்குப் பசை போட்டுப் பிரயோசனம் இல்லை. மேல்துணியைத் தனியாக விற்கிறார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால்தான் புது டென்ட். கிழிசல் நீளமாக இருந்தால் வெளிச்சாமான் பழுது பார்க்கும் கடை அல்லது கான்வாஸ் தைக்கும் கடை. சாதாரணத் தையல் மிஷினில் தைத்தால் ஊசி போன ஒவ்வொரு ஓட்டையும் ஒரு புது ஒழுகல்.

## ராத்திரி தூங்க முடியாத குளிர்

முதுகு சில்லிடுகிறதா, மேலே சில்லிடுகிறதா?

முதுகு என்றால் கோளாறு அடியில். உயரமான காற்று மெத்தை சொகுசுதான், ஆனால் உள்ளே வெறும் காற்று. ராத்திரி முழுக்க அது உங்கள் சூட்டை உறிஞ்சித் தரைக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். போர்த்திக்கொண்டிருக்கும் கம்பளியில் ஒன்றை எடுத்து முதுகுக்கு அடியில் போடுங்கள். மறுநாள் ஒரு ஃபோம் விரிப்பு வாங்கி மெத்தைக்கு மேலே விரியுங்கள். செலவு செய்யத் தயார் என்றால் ஆர்-வேல்யூ எழுதிய மெத்தை வாங்கலாம். எண் கூடினால் சூடு தங்கும்.

மேலே என்றால், தூங்கும் பையில் எழுதியிருக்கும் டிகிரியை நம்பி ஏமாந்திருக்கிறீர்கள். பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் ஒரு ஆள் தாக்குப்பிடிக்கும் எல்லை. சுகமாகத் தூங்கும் வெப்பநிலை அதைவிடப் பல டிகிரி மேலே இருக்கும். மே லாங் வீக்கெண்டில் இங்கே இரவு உறைநிலைக்குப் போவது சாதாரணம். பகலில் போட்ட உடையை மாற்றி, காய்ந்த சாக்ஸ் போட்டுக்கொண்டு படுங்கள்.

மெத்தை விடிவதற்குள் தொய்ந்துபோனால் உடனே ஓட்டை என்று நினைக்க வேண்டாம். மாலைச் சூட்டில் ஊதிய காற்று ராத்திரிக் குளிரில் சுருங்கும். படுக்கும் முன் இன்னொரு முறை ஊதுங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் வால்வில் மணல் இருக்கிறதா பாருங்கள். பிறகு சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி வரும் இடம்தான் ஓட்டை. துடைத்து, நன்றாகக் காயவைத்து ஒட்டுப் போடுங்கள்.

சூட்டுக்காகக் கேஸ் அடுப்பையோ கரி அடுப்பையோ டென்டுக்குள் கொண்டுபோவதைப் பற்றி யாரும் என்னிடம் யோசனை கேட்க வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. உள்ளே இருந்தவர்களுக்குத் தலைவலி, குமட்டல், அசாதாரணத் தூக்கம் என்றால் வெளியே இழுத்துப் போட்டுவிட்டு 911. அதேபோல, குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடேறாமலே நடுக்கம் நின்று குழறிப் பேச ஆரம்பித்தாலும் 911.

## அடுப்பு பற்றவில்லை, அல்லது சுடர் சரியில்லை

சுடர் ஆடி ஆடி அணைகிறது: காற்று. அடுப்பின் மூடியைக் காற்றுக்கு முதுகு காட்டித் திருப்பி வையுங்கள். அணைந்த நிலையில் குமிழைத் திறந்தே விட்டுவிடாதீர்கள்.

காலையில் மட்டும் பற்றுவதில்லை: நீள டப்பாவில் வரும் பியூட்டேன் அடுப்பா? பியூட்டேன் ஏறக்குறைய பூஜ்ஜியம் டிகிரியில் ஆவியாவதையே நிறுத்திவிடும். மே, செப்டம்பர் மாதங்களில் புரொப்பேன் அடுப்பு கொண்டுபோங்கள். அது இந்தக் குளிருக்கெல்லாம் அசையாது.

பெரிய சிலிண்டரில் குழாய் மாட்டியபின் சுடர் மெழுகுவத்தி மாதிரி எரிகிறது: சிலிண்டர் வால்வை ஒரே திருப்பில் திறந்திருப்பீர்கள். கேஸ் கசிவு என்று நினைத்து உள்ளிருக்கும் பாதுகாப்பு அமைப்பு வழியைக் குறுக்கிவிடும். அடுப்புக் குமிழ், சிலிண்டர் இரண்டையும் மூடி, குழாயைக் கழற்றி, இரண்டு நிமிடம் விட்டு மறுபடி மாட்டி, முதலில் சிலிண்டரை மெல்ல மெல்லத் திறங்கள். இது தெரியாமல் நல்ல ரெகுலேட்டரைக் குப்பையில் போட்டவர்கள் உண்டு.

மஞ்சள் சுடர், பாத்திரம் கரி பிடிக்கிறது: குளிர்காலம் முழுக்க கராஜில் கிடந்த அடுப்பா? பர்னர் குழாய்க்குள் சிலந்தி கூடு கட்டியிருக்கும். பர்னரைக் கழற்றி, குழாய்க்குள் மெல்லிய பிரஷ் விட்டுச் சுத்தம் செய்யுங்கள். காலையில் இட்லிக்குக் குக்கர் வைக்கும்போது கண்டுபிடிக்காமல், கிளம்புவதற்கு முதல் நாள் வீட்டிலேயே ஒரு முறை பற்றவைத்துப் பாருங்கள்.

கேஸ் வாசனை வருகிறது: தீக்குச்சியைக் கீழே வையுங்கள். மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழி வந்தால் கழற்றி, மரையைத் துடைத்து, கையால் நேராகத் திருகுங்கள். ரப்பர் வளையம் வெடித்திருந்தால் மாற்றுங்கள். அடுப்பைக் கழற்றிய பிறகும் சிலிண்டர் வாயிலிருந்தே சீறினால், அதைத் திறந்தவெளியில், நெருப்பு எதுவும் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு பார்க் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். ரெகுலேட்டரைப் பிரித்துச் சரிசெய்ய முயல வேண்டாம், அது மாற்றுகிற பொருள்.

## கரண்ட் போய்விட்டது

கரண்ட் வசதியுள்ள இடத்தில் டென்ட் அடிக்கிறவர்களுக்கு மட்டும். மற்றவர்கள் நிம்மதியாகத் தாண்டிப் போகலாம்.

பிளக் பாயிண்டில் ரீசெட் என்று ஒரு பொத்தான் இருக்கும். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு அதை அழுத்துங்கள். உயிர் வந்தால் ஒவ்வொன்றாக மாட்டுங்கள். எதை மாட்டும்போது விழுகிறதோ அதுதான் குற்றவாளி. அநேகமாக எக்ஸ்டென்ஷன் வயரின் இணைப்பு ஈரப் புல்லில் கிடக்கும். துடைத்துக் காயவைத்து, தரையைத் தொடாமல் தூக்கி வையுங்கள்.

ரீசெட் விழவில்லை, பிரேக்கர் விழுகிறது என்றால் கணக்குப் போடுங்கள். 15 ஆம்ப் பாயிண்ட், 120 வோல்ட். மொத்தம் 1800 வாட். கெட்டில் ஒன்றே 1500 வாட். அதோடு ரைஸ் குக்கரையும் போட்டால் விழத்தான் செய்யும். ஊரிலிருந்து கொண்டுவந்த 230 வோல்ட் மிக்ஸியைக் கன்வெர்ட்டரோடு தூக்கிவந்து சட்னி அரைக்கப் பார்த்த வீட்டையும் எனக்குத் தெரியும். சட்னியை வீட்டிலேயே அரைத்து ஐஸ் பெட்டியில் கொண்டுவாருங்கள்.

எதையும் மாட்டாதபோதும் பிரேக்கர் விழுந்தால், பெட்டி சூடாக இருந்தால், கருகிய வாசனை வந்தால் கையை எடுத்துவிடுங்கள். பார்க் அலுவலகத்தைக் கூப்பிட்டு வேறு இடம் கேளுங்கள். கம்பத்துப் பெட்டியைத் திறப்பது எலக்ட்ரீஷியன் வேலை.

## ஜிப் மாட்டிக்கொண்டது

இழுக்காதீர்கள். துணி மாட்டியிருந்தால் பின்னோக்கி நகர்த்தி, துணியைப் பக்கவாட்டில் எடுங்கள். கரகரவென்றால் மணல், பழைய டூத் பிரஷால் தேய்த்து, தண்ணீர் விட்டு, பிறகு மெழுகுவத்தியைப் பல்லில் ஓட்டுங்கள். எண்ணெய் போட்டால் இன்னும் மணல் ஒட்டும்.

மூடியபின் பின்னாலேயே பிளந்துகொண்டு வந்தால் பல் கெடவில்லை, பல்லின் மேல் நகரும் ஓட்டிதான் தேய்ந்துவிட்டது. குறடால் ஓட்டியின் இரு பக்கத்தையும் மிக மெல்ல நெருக்குங்கள், முதலில் ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். ஓரிரு முறைதான் இந்த வைத்தியம் கேட்கும், பிறகு ஓட்டியை மாற்ற வேண்டும். பல்லே உதிர்ந்திருந்தால் முழு ஜிப்பும் மாற்றணும். பழுதுக் கடையில் விலை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். சின்ன டென்டுக்கு அந்தக் கூலி கட்டுப்படியாகாது.

## ஏரியில் இறங்கி வந்தால் உடம்பில் அரிப்பு

தண்ணீர் பட்ட இடத்தில் மட்டும் சிவந்த புள்ளிகள் என்றால், இங்கே ஸ்விம்மர்ஸ் இட்ச் என்பார்கள். நீர்ப்பறவைகளில் வாழும் ஒட்டுண்ணி, நத்தை வழியாகத் தண்ணீருக்கு வந்து நம் தோலில் தவறுதலாக நுழைந்து அங்கேயே செத்துப்போகும். லாஸ்ட் மவுண்டன் ஏரியின் வடகோடி 1887 முதல் பறவைகளுக்காகவே ஒதுக்கப்பட்டது, வட அமெரிக்காவின் முதல் பறவைகள் சரணாலயம். பறவைகள் அவற்றின் வீட்டில் இருக்கின்றன, நாம்தான் விருந்தாளி.

கரையோர ஆழமில்லாத தண்ணீரில் குழந்தைகளை நாள் முழுக்க உட்காரவிடாதீர்கள். வெளியே வந்த உடனே துண்டால் அழுத்தித் துடையுங்கள். வெயிலில் தானாகக் காயட்டும் என்று விட்டால்தான் வினை. வந்துவிட்ட அரிப்புக்குக் குளிர்ந்த ஒத்தடம், கலமைன். ஏறக்குறைய ஒரு வாரத்தில் போய்விடும். சொறிந்து சீழ் வைத்தால் மருத்துவர்.

தண்ணீரே பச்சைப் பெயிண்ட் கொட்டியதுபோல இருந்தால் இறங்கவே வேண்டாம். ஒரு குச்சியை விட்டு எடுங்கள். தலைமுடிபோல நூல் நூலாகத் தொங்கினால் சாதாரணப் பாசி. பெயிண்டில் தோய்த்ததுபோலக் குச்சி பச்சையாக வந்தால் நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். கடும் கோடையில் பிரெய்ரி ஏரிகளில் இது வருவதுண்டு. அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்தாலும் நஞ்சு போகாது, சமையலுக்கு எடுக்காதீர்கள். ஏற்கெனவே இறங்கியிருந்தால் குழாய்த் தண்ணீரில் குளியுங்கள். வாந்தி, பேதி, காய்ச்சல் வந்தால் சஸ்காச்சுவானிலும் ஆல்பர்ட்டாவிலும் 811-ஐக் கூப்பிட்டால் நர்ஸ் பேசுவார். நாய் குடித்துவிட்டால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.

## கொசுவும் உண்ணியும்

கொசு மருந்து வேலை செய்யவில்லை என்றால் அடித்த விதம்தான் காரணம். சட்டை மேல் பட்டும்படாமல் அடித்தால் போதாது. வெளியே தெரியும் தோல் முழுக்கத் தடவ வேண்டும். பெரியவர்களுக்கு 30 சதவீத டீட், 2 முதல் 12 வயது வரை 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். 6 மாதம் தாண்டிய குழந்தைக்கு 20 சதவீத இக்காரிடின் நல்லது, நாற்றமும் இல்லை.

உண்ணி, வசந்தத்திலிருந்து ஜூலை நடு வரை, உயரமான புல்லில். ராத்திரி படுக்கும் முன் குழந்தைகளின் காது மடலின் பின்னால், கழுத்தில், தலைமுடிக்குள் தடவிப் பாருங்கள். கடித்துக்கொண்டிருந்தால் இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். தீக்குச்சி, எண்ணெய், நெயில் பாலிஷ் எதுவும் வேண்டாம். எடுத்ததை ஒரு சின்ன டப்பாவில் தேதியோடு வையுங்கள். பிற்பாடு காய்ச்சலோ, கடித்த இடத்தைச் சுற்றிப் பரவும் சிவப்போ வந்தால் டப்பாவோடு மருத்துவரிடம் போகலாம்.

## விறகு புகைகிறது, எரியவில்லை

ஈர விறகு. நடுவில் பிளந்து உள்பக்கத்தை நெருப்புக்குக் காட்டுங்கள். வீட்டிலிருந்து விறகு கொண்டுவராதீர்கள், முக்கியமாக எல்ம் மரம். சஸ்காச்சுவானில் எல்ம் விறகை எடுத்துச் செல்வதே சட்டப்படி குற்றம், மர நோய் பரவும் என்று. நெருப்புத் தடை போட்டிருக்கிறார்களா என்று வாசலிலேயே கேட்டுவிடுங்கள். காற்றடிக்கும் காய்ந்த ஜூலையில் அடிக்கடி போடுவார்கள்.

## வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்து டென்டில் நாற்றம்

ஞாயிற்றுக்கிழமை மழையில் சுருட்டி, "அப்புறம் காயவைக்கலாம்" என்று பேஸ்மென்டில் போட்டது. எனக்கு ஒவ்வொரு வருடமும் செப்டம்பரில் ஒரு டென்டாவது இப்படி வரும்.

நாற்றம் மட்டும் என்றால் விரித்து, மென்மையான சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் வைத்து ஸ்பாஞ்சால் துடைத்து, நிழலில் காயவையுங்கள். வாஷிங் மிஷினும் பிளீச்சும் வேண்டாம், உள்பூச்சைத் தின்றுவிடும். கரும்புள்ளி வந்திருந்தால் பூஞ்சையைக் கொல்லலாம், கறை போகாது. டென்ட் இன்னும் உழைக்கும். உள்பக்கம் தடவினால் விரலில் ஒட்டுகிறதென்றால் மேலே ஈரம் பற்றிச் சொன்ன இடத்துக்குத் திரும்பிப் போங்கள்.

கராஜில் இரண்டு ஏணிகளுக்கு நடுவே கயிறு கட்டி மேல்துணியை முதலில் போடுங்கள், தரைத்துணியைத் தலைகீழாக. மூலைகளில் உள்ள மடிப்புகள்தான் கடைசியில் காயும். அங்கே விரலை விட்டுப் பார்த்துவிட்டு மடியுங்கள்.